பக் வீவரின் வழக்கைத் தனியாக எடுங்கள்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் ராபர்ட் மேன்ஃபிரெட் அவர்களுக்கு,

2025 மே 13 அன்று நீங்கள் ஓர் உத்தரவு போட்டீர்கள். ஆட்டத்திலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்டவர்களின் தண்டனை அவர்கள் சாவோடு முடிந்துவிடுகிறது என்றீர்கள். ஒரே நாளில் 17 பேருடைய பெயர்கள் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கின. பீட் ரோஸ், ஜோ ஜாக்சன் என்ற இரண்டு பிரபல ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தலைப்பில் போட்டுச் சில பத்திரிகைகள் கொண்டாடின, சில திட்டித் தீர்த்தன. அந்தப் பதினேழில் ஜார்ஜ் 'பக்' வீவர் என்ற பெயரும் இருந்தது. 1919-ன் வேர்ல்ட் சீரிஸில், அதாவது சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் இறுதித் தொடரில், சூதாட்டக்காரர்களோடு பேசி விட்டுக்கொடுத்த விவகாரத்தில் ஜாக்சன் உட்பட சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேருக்கு 1921-ல் ஆயுள் தடை விழுந்தது. வீவரும் அந்த எட்டில் ஒருவர். அவருக்காகத்தான் இந்த மடல்.

வீவருக்கு ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று உங்கள் அலுவலகம் நினைத்திருக்கலாம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. தடை விழுந்த நாளிலிருந்து சாகும்வரை, உங்கள் நாற்காலியில் இருந்தவர்களிடம் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: நான் செய்ததையும் அவர்கள் செய்ததையும் பிரித்துப் பாருங்கள். 1921-ல் நீதிமன்றம் அவரை மற்றவர்களோடு சேர்த்து நிறுத்தியது. உங்கள் பதவியில் முதலில் இருந்த நீதிபதி லாண்டிஸ் மற்றவர்களோடு சேர்த்து அவரை வெளியே தள்ளினார். ஏறக்குறைய 104 வருடம் கழித்து நீங்கள் மற்றவர்களோடு சேர்த்தே அவரை விட்டும்விட்டீர்கள். அவர் கேட்டதை இன்றுவரை யாரும் கொடுக்கவில்லை.

நான் சிகாகோவில் 19 வருடமாக இருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பால் இங்கே வந்த பிறகு ஒட்டிக்கொண்டது. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளி சாஃப்ட்பால் அணியில் மூன்றாம் பேஸில் நிற்கிறாள். அந்த இடத்தில் நன்றாக ஆடியவர்கள் யார் யார் என்று அவளுக்குச் சொல்லத் தேடியபோதுதான் வீவர் எனக்குக் கிடைத்தார். இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்கள் நியூயார்க் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மேட்ச் ஃபிக்சிங் என்றால் என்ன, அதில் ஓர் ஆட்டக்காரரின் பெயர் ஒருமுறை அடிபட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் எங்கள் கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

அவர்களுக்காக முதலில் மூன்றாம் பேஸ் பற்றிக் கொஞ்சம். பேஸ் என்பது ஓடுகிறவர் தொட்டுப் போக வேண்டிய இடம். மட்டை பிடித்தவரிடமிருந்து மூன்றாம் பேஸ் 90 அடி தூரம். வலதுகைக்காரர் இழுத்து அடித்தால் பந்து நேராக அங்கேதான் சீறி வரும். ஆகவே பின்னால் தள்ளி நிற்கத் தோன்றும். தள்ளி நின்றாலோ, மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தை லேசாகத் தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடிவிடுவார்கள். இதற்குப் பெயர் பண்ட். அப்போது மூன்றாம் பேஸ்காரர் பாய்ந்து முன்னால் வந்து, குனிந்தபடியே வெறுங்கையால் பந்தை அள்ளி, நிமிராமலே உடம்பைத் திருப்பி எறிய வேண்டும். என் மகள் பூங்காவில் இதை மணிக்கணக்கில் பழகுகிறாள். பாதிப் பந்து வேலியில் போய் விழுகிறது. வீவருக்கு இது கைவந்த கலை. மற்றவர்கள் நிற்கத் துணியாத அளவுக்கு முன்னால் வந்து நிற்பார். டை காப் போன்ற ஓர் ஓட்டக்காரரே வீவர் நிற்கும் பக்கம் பண்ட் போடத் துணிய மாட்டார் என்று அந்தக் கால ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இந்தத் திறமை பிறவியிலேயே வந்ததில்லை. பென்சில்வேனியாவில் பாட்ஸ்டவுன் பக்கத்தில் 1890-ல் பிறந்தவர். 1912-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவராக வந்தார். அந்த ஒரே வருடத்தில், பந்தைப் பிடிப்பதிலும் எறிவதிலும் 71 பிழை விட்டார். நாளுக்கொரு பிழை என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவர் சோர்ந்துபோகவில்லை. இரண்டு பக்கமும் நின்று மட்டை பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1917-ல் மூன்றாம் பேஸுக்கு நகர்ந்தார். அந்த வருடம் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியைத் தோற்கடித்து ஒயிட் சாக்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வென்றது. 1920-ல் 208 ஹிட் அடித்தார், அதாவது அத்தனை முறை அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸை எட்டினார். அவர் ஆடிய வருடங்களிலேயே சிறந்த வருடம் அதுதான், அதுவே கடைசி வருடமும் ஆனது. அப்போது அவருக்கு வயது 30.

1919-க்கு வருகிறேன். அந்த வருட வேர்ல்ட் சீரிஸில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடம் வேண்டுமென்றே தோற்பதற்கு ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் சிலர் சூதாட்டக்காரர்களிடம் பணம் பேசினார்கள். செப்டம்பரில் நியூயார்க்கின் அன்சோனியா ஹோட்டலில் ஒரு கூட்டம், பிறகு சிகாகோவின் வார்னர் ஹோட்டலில் ஒரு கூட்டம். இரண்டிலும் வீவர் இருந்தார். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. வீவரைப் புனிதராக்கிக் காட்டுகிறவர்கள் அந்த இரண்டு அறைகளையும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது தப்பு.

ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டும் இல்லையா? அதிகபட்சம் ஒன்பது ஆட்டம் என்று வைத்த தொடரில் ரெட்ஸ் 5-3 என்று வென்றது. எட்டு ஆட்டங்களிலும் வீவர் ஆடினார். 34 முறை மட்டை பிடித்து 11 ஹிட், சராசரி .324. களத்தில் ஒரு பிழைகூட இல்லை. முதல் வருடம் 71 பிழை விட்டவர், தோற்பதற்கென்று பேசி வைத்த தொடரில் ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. அணியின் பிட்சர், அதாவது பந்து எறிபவர், எடி சிகாட் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார், ஜாக்சனும் 5,000 டாலர் வாங்கியதாகச் சொன்னார். வீவர் கைக்கு ஒரு டாலர் வந்ததாக எந்த நீதிமன்றத்திலும் நிரூபணம் ஆகவில்லை.

1921 கோடையில் சிகாகோவில் வழக்கு நடந்தது. தன்னைத் தனியாக விசாரிக்கும்படி வீவர் கேட்டார். கிடைக்கவில்லை. பணம் வாங்கியவர்களோடு அதே வரிசையில் உட்கார்ந்தார். வீவரையும் ஹாப்பி ஃபெல்ஷையும் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னாலும் அதை நிற்க விடமாட்டேன் என்று நீதிபதி ஹியூகோ ஃப்ரெண்ட் வழக்கு நடக்கும்போதே தெரிவித்தார். ஆகஸ்ட் 2 அன்று எல்லோரையும் ஜூரி விடுவித்தது. மறுநாளே லாண்டிஸின் அறிக்கை வந்தது. ஜூரியின் தீர்ப்பு எதுவாக இருந்தாலும், ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவர், விட்டுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர், விட்டுக்கொடுப்பது பற்றிப் பேசும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்து உடனே தன் அணியிடம் சொல்லாதவர், இந்த மூவகையினரும் இனி ஒருநாளும் தொழில்முறை பேஸ்பால் ஆட முடியாது என்று அதில் சொல்லியிருந்தார்.

மூன்றாவது வகை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த விதியை அறிவித்தது 1921 ஆகஸ்டில். வீவர் அந்த அறைகளில் உட்கார்ந்தது 1919 செப்டம்பரில். சரி, விதி எப்போது வந்தால் என்ன, தப்பு தப்புதான் என்றே வைத்துக்கொள்வோம். விட்டுக்கொடுத்தவருக்கும் சொல்லாதவருக்கும் எப்படி ஒரே தண்டனை?

இதை நான் ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டுக் கேட்கவில்லை. பல வருடங்களுக்கு முன் இந்த ஊர்ப் பக்கம் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்டில் வேலை பார்த்தேன். என்னோடு இருந்த இரண்டு பேர், ஒருவர் வராத நாளில் மற்றவர் அவருடைய கார்டையும் தேய்த்து வருகை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், நான் எதிரில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த வாரம் யார் எந்த நாள் லீவு என்று பேசி முடித்தார்கள். என்னையும் சேரச் சொன்னார்கள். நான் சேரவில்லை, மேலதிகாரியிடம் போய்ச் சொல்லவும் இல்லை. அந்த இருவரில் ஒருவர், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம் முழுக்க, பஸ் இல்லாத நேரத்தில் என்னைத் தன் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டவர். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. தவிர, நாளைக்கே நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு மாதத்தில் எல்லாம் வெளியே வந்தது. மூன்று பேரையும் கூப்பிட்டார்கள், ஆனால் தனித்தனியாக. என் முறை வந்தபோது என் வருகைப் பதிவை மட்டும் அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளாக விரல் வைத்துக் கேட்டார்கள். அப்புறம், தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர்கள் இருவருக்கும் அன்றே வேலை போனது. எனக்கு ஒரு பக்கத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், 'தெரிந்தும் தெரிவிக்கவில்லை' என்று. கையெழுத்துப் போட்டு வாங்கும்போது வெட்கத்தில் கை நடுங்கியது. ஆனால் அநியாயம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நான் செய்த தப்பு அந்தத் தாளில் முழுதாக இருந்தது. நான் செய்யாதது எதுவும் அதில் இல்லை.

அந்தக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. வீவருக்குக் கிடைக்காமல் போனது அப்படி ஒரு தாள்தான்.

சொல்லாதது அவ்வளவு பெரிய குற்றம் என்றால், மற்றவர்கள் விஷயத்திலும் அதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். அணியின் முதலாளி சார்லஸ் காமிஸ்கிக்குத் தொடர் தொடங்கியபோதே சந்தேகம் வந்துவிட்டது. அதை நேஷனல் லீக் தலைவர் ஜான் ஹெய்ட்லரிடம் சொன்னதாகவும் பதிவாகியிருக்கிறது. தொடர் முடிந்ததும் தகவல் தருவோருக்குப் பரிசு என்று அறிவித்தார். பிறகு என்ன நடந்தது? பின்னால் தடை விழுந்த அந்த எட்டுப் பேரில் ஏழு பேரை 1920 சீசனில் கடைசிவரை ஆட வைத்து டிக்கெட் விற்றார். செப்டம்பர் 28 அன்று சிகாட், வழக்குத் தொடரலாமா என்று விசாரிக்கும் கிராண்ட் ஜூரி முன்னால் வாயைத் திறந்த பிறகுதான் அவர்களை நிறுத்தினார். அப்போது சீசனில் மூன்று ஆட்டங்கள்தான் பாக்கி. காமிஸ்கிக்குத் தண்டனை எதுவும் இல்லை. 1939-ல் கூப்பர்ஸ்டவுனில், பேஸ்பாலில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைப் பொறித்தார்கள்.

உங்கள் பதினேழில் ஜோ கெடியனும் இருக்கிறார். செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் இரண்டாம் பேஸ்காரர். தனக்குத் தெரிந்ததை அவர் போய்ச் சொன்னார், கிராண்ட் ஜூரி முன்னால் சாட்சியும் சொன்னார். உள்விவரம் தெரிந்து பந்தயம் கட்டினார், அது தப்புதான். ஆனால் பாருங்கள், வாய் திறந்தவருக்கும் ஆயுள் தடை, திறக்காதவருக்கும் ஆயுள் தடை. அதே பட்டியலில் பென்னி காஃப் இருக்கிறார், அவர்மேல் இருந்தது கார் திருட்டுப் புகார், அதிலும் ஜூரி அவரை விடுவித்தது. ஃபிலடெல்ஃபியா அணியின் முதலாளி வில்லியம் காக்ஸ் இருக்கிறார், தன் அணிமேலேயே பந்தயம் கட்டியவர். இப்படி ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத வழக்குகளை ஒரே வரியில் நீங்கள் முடித்தபோது, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்ற கேள்விக்கே வேலையில்லாமல் போய்விட்டது. செத்தவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு ஆபத்து இல்லை என்பதுதான் நீங்கள் சொன்ன காரணம். வீவர் உயிரோடு இருந்தபோது மட்டும் அவரால் என்ன ஆபத்து இருந்தது? அதற்குப் பதில் உங்கள் உத்தரவில் இல்லை.

தடைக்குப் பிறகும் அவர் சிகாகோவிலேயேதான் இருந்தார். பெயரை மாற்றிக்கொண்டு எங்கும் ஓடவில்லை. மருந்துக்கடை வைத்திருந்த மைத்துனரோடு சேர்ந்து கடை நடத்தினார். பொருளாதார மந்தத்தில் அது போயிற்று. நகராட்சிக்குப் பெயின்ட் அடித்தார். குதிரைப் பந்தய மைதானத்தில் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தார். மைத்துனர் இறந்ததும் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளை வீவரும் மனைவியும் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். நடுவில் அரிசோனாவில் செம்பு உருக்கும் ஊரான டக்ளஸ் வரை போய், லீக்குக்கு வெளியே இருந்த அணியில் ஆடினார். ஆடாமல் இருக்க அவரால் முடியவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் மனு எழுதிக்கொண்டே இருந்தார். 14,000 ரசிகர்கள் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று போனது. 1922-ல் லாண்டிஸ் மறுத்தார். 1927 ஜனவரியில் வேறொரு விசாரணைக்குச் சாட்சியாக வந்த வீவர், அந்த அறையிலேயே லாண்டிஸிடம் தன்னைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். எழுதிக் கொடுங்கள் என்றார் லாண்டிஸ். எழுதிக் கொடுத்தார். மறுபடியும் மறுப்பு. 1953 ஜனவரியில், 62 வயதில், அப்போதைய ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக்குக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். வக்கீல் வைத்து எழுதிய கடிதம் இல்லை என்பது படித்த உடனே தெரியும். தொடரில் தான் எப்படி ஆடினேன் என்பதைச் சொல்கிறார். தனி விசாரணை கேட்டேன், கொடுக்கவில்லை என்கிறார். நீதிபதியும் பன்னிரண்டு ஜூரிகளும் என்னைக் குற்றமற்றவன் என்று சொன்னார்களே, மனிதனுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அதுதானே என்று கேட்கிறார். அப்பா வயதில் ஒருவர் அப்படிக் கெஞ்சுவதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கொலை செய்தவன்கூடத் தண்டனை முடிந்து வெளியே வருகிறான், எனக்கு மட்டும் ஆயுள் என்று கடைசிக் காலத்தில் அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஆயுள் முழுக்க நீடிக்கும் தண்டனையைவிடப் பெரிய எச்சரிக்கை வேறு இல்லை என்ற பொருளில் உங்கள் 2025 உத்தரவில் எழுதியிருந்தீர்கள். அந்த ஆயுளை வீவர் கடைசி நாள்வரை அனுபவித்து முடித்தார். 1956 ஜனவரி 31 அன்று சிகாகோவின் 71-ஆம் தெருவில் நடந்து போகும்போது மாரடைப்பு வந்து விழுந்தார். வயது 65. உங்கள் உத்தரவின்படி பார்த்தால், அவர் அந்த நடைபாதையில் உயிரை விட்ட நிமிடம்தான் அவருக்கு விடுதலை கிடைத்த நிமிடம். அவர் பக்கம் நியாயம் இருந்தது, ஆகவே விடுகிறோம் என்று நீங்கள் சொல்லவில்லை. செத்துவிட்டார், ஆகவே விடுகிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள்.

2015-ல் ஜாக்சன் விஷயமாகக் கேட்டபோது, இத்தனை காலம் கழித்து லாண்டிஸின் முடிவை மாற்றும் அளவுக்கு உண்மையை உறுதியாகக் கண்டறிய முடியாது என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். ஜாக்சன் விஷயத்தில் அது பொருந்தலாம். அவர் பணம் வாங்கினார், நன்றாகவும் ஆடினார், அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. வீவர் விஷயத்தில் புதிதாகத் தோண்ட வேண்டிய தேவை குறைவு. கூட்டத்தில் இருந்தார் என்பதை அவரும் மறுக்கவில்லை. தோற்பதற்காக ஆடினார் என்று காட்டும் ஓர் ஆட்டத்தைக்கூட அந்தத் தொடரிலிருந்து எடுத்துக் காட்ட முடியாது. மிச்சம் இருப்பது, தெரிந்தும் சொல்லாததற்கு எவ்வளவு தண்டனை என்ற ஒரு கேள்விதான். அதற்குச் சாட்சிகள் உயிரோடு இருக்கத் தேவையில்லை. ஆணையர் ஒருவர் உட்கார்ந்து யோசித்தால் போதும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை 35-ஆம் தெருவுக்குக் கூட்டிப் போனேன். பழைய காமிஸ்கி பார்க் இடிக்கப்பட்டு, இப்போதைய மைதானத்துக்குப் பக்கத்தில் அந்த இடம் கார் நிறுத்தமாகக் கிடக்கிறது. பழைய ஹோம் பிளேட், அதாவது மட்டை பிடிப்பவர் நிற்கும் தட்டு, இருந்த இடத்தில் ஒரு பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல்லிலிருந்து இடதுபக்கக் கோட்டோடு அடி அடியாக எண்ணிக்கொண்டே நடந்தோம். தொண்ணூறாவது அடியில் ஒரு சாம்பல் நிற வேன் நின்றிருந்தது. மகள் அதன் பக்கத்தில் முழங்காலை மடக்கி, கையுறை இல்லாத கையைத் தாழ விட்டு, பந்து வரப்போகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள். வீவர் ஒன்பது வருடம் ஆடிய மைதானம் அது. மூன்றாம் பேஸ் இருந்த இடத்தில் அவர் பெயரைச் சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை.

ஒன்பது வருடம் என்றேன். அதில்தான் இன்னொரு சிக்கல். உங்கள் உத்தரவால் கூப்பர்ஸ்டவுன் கதவு திறந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். ரோஸுக்கும் ஜாக்சனுக்கும் திறந்திருக்கலாம். ஹால் ஆஃப் ஃபேமில் பரிசீலிக்கப்படவே குறைந்தது 10 சீசன் ஆடியிருக்க வேண்டும். வீவர் ஆடியது 1912 முதல் 1920 வரை, ஒன்பது. பத்தாவது சீசனுக்கும் அவர் கையில் ஒப்பந்தம் இருந்தது. 1919-ல் போட்ட மூன்று வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 7,250 டாலர், 1921-ம் அதில் சேர்த்தி. அந்தச் சம்பளத்துக்காக அவர் வழக்குப் போட்டார், கடைசியில் சமரசமாகி அணி ஒரு தொகை கொடுத்தது. 1921-க்குக் காசு கொடுத்தவர்கள் அந்த சீசனைக் கொடுக்கவில்லை. உங்கள் அலுவலகத்தின் தடை அந்தப் பத்தாவது வருடத்தைப் பறித்தது. இப்போது தடை போன பிறகும், அது விட்டுப்போன பள்ளம் அவரை வாசலிலேயே நிறுத்துகிறது.

விதியைத் தளர்த்த வழி இல்லாமலும் இல்லை. கிளீவ்லாந்து பிட்சர் ஆடி ஜாஸ் ஒன்பது சீசன் ஆடி, 1911-ல் 31 வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார். அவருக்காக அந்த 10 வருட விதியைத் தளர்த்தி 1978-ல் அவரைச் சேர்த்தார்கள். நல்ல முடிவு. வீவர் கட்டாயம் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அவருடைய மொத்த சராசரி .272 என்பதும் எனக்குத் தெரியும். அதைக் குழு முடிவு செய்யட்டும். குழுவின் மேஜைக்கு அவர் பெயர் போகவே கூடாது என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

முதலாவது, ஜார்ஜ் வீவர் ஒருவரைப் பற்றி மட்டும், காரணங்களோடு, உங்கள் கையெழுத்தில் ஒரு முடிவு எழுதுங்கள். 1919-ல் அவர் செய்தது என்ன, செய்யாதது என்ன என்று அதில் இருக்க வேண்டும். தெரிந்தும் சொல்லவில்லை என்று எழுதுங்கள், அது உண்மை. பணம் வாங்கினார் என்றோ தோற்பதற்காக ஆடினார் என்றோ நிரூபணம் இல்லை என்பதையும் எழுதுங்கள். அவர் செய்ததற்கு ஆயுள் தடை தகுந்ததுதானா என்பதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். தகுந்தது என்பதே உங்கள் முடிவானாலும் அதைக் காரணத்தோடு சொல்லுங்கள்.

அடுத்து, 1921 முதல் 1956 வரை அவர் அனுப்பிய மனுக்களிலும் அவற்றுக்குப் போன பதில்களிலும் உங்கள் அலுவலகத்தில் இருப்பதையெல்லாம் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள்.

ஹால் ஆஃப் ஃபேமின் இயக்குநர் குழுவில் நீங்களும் இருக்கிறீர்கள். ஆடி ஜாஸுக்குச் செய்ததைப்போல வீவருக்கும் 10 சீசன் விதியைத் தளர்த்தும்படி அங்கே முன்மொழியுங்கள். பழைய ஆட்டக்காரர்களுக்கான குழு 2027 டிசம்பரில் கூடவிருக்கிறது. அதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.

கடைசியாக, சிகாகோ அணியிடம் பேசி, 35-ஆம் தெருக் கார் நிறுத்தத்தில் மூன்றாம் பேஸ் இருந்த இடத்தில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். ஹோம் பிளேட்டுக்கு வைத்த அளவுக்குப் பெரிதாக வேண்டாம். 'பக் வீவர், 1912–1920' என்று மட்டும் பொறித்தால் போதும்.

இப்படிக்கு,
சிகாகோவிலிருந்து ஒரு ரசிகன்